ட்ராம் பாதையும் மருதானை முஸ்லிம்களும்

மருதானையின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். "அங்க என்ன சரித்திரம் ஈக்கிது? ஸ்பெயார் பார்ட்ஸ் கடையும் ட்ரஃபிக்கும்தானே" என்றார். அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. இன்று பஞ்சிகாவத்தைப் பக்கமாக மருதானைக்குள் போகிற ஒருவருக்குக் கண்ணில் படுவது வாகன உதிரிப்பாகக் கடைகளும், நகர மறுக்கும் பஸ் வரிசையும்தான். கொழும்பு 10 என்றால் கடந்து போகிற இடம், நின்று பார்க்கிற இடமல்ல என்று ஆகிவிட்டது.

ஆனால் எங்கட உம்மும்மா மருதானையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முதலில் சொல்வது பள்ளிவாசலையுமல்ல, ஸாஹிறாவையுமல்ல. ட்ராமைத்தான் சொல்வார். "ட்ராம்ட மணி கேட்டா வாப்பா வாராருன்டு உம்மா சோத்துப் பானைய எறக்குவா" என்பார். அவருடைய வாப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர்.

சிறுவயதில் இதைக் கதையாகக் கேட்டேன். இப்போது யோசித்தால் அந்த ஒரு பேச்சுக்குள் ஒரு நகர வரலாறு இருப்பது தெரிகிறது. வீடு ஓரிடம், தொழில் ஓரிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு தண்டவாளம். எமது சமூகத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பெரியார்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். அது தேவையான வேலைதான். ஆயினும் அந்தப் பெரியார்களும் அவர்களிடம் படித்த பிள்ளைகளும் நாளாந்தம் போய்வந்த வீதியை நாம் எழுதவில்லை. அதற்கான ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

நடந்து திரிந்த நகரம்

கொழும்பு முஸ்லிம்களின் பழைய குடியிருப்புகளை அறிய வீதிப் பெயர்களே போதும். பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு இரண்டும் புறக்கோட்டையின் விளிம்பில், இன்றைய கொழும்பு 12க்குள் இருக்கின்றன. கடைக்கும் துறைமுகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கால்நடையாகப் போய்வரக்கூடிய தூரம். கடையின் மேல்மாடியில் அல்லது பின்கட்டில் குடும்பம் இருப்பதும் சாதாரணம். இதனை நடந்து திரிந்த நகரம் என்று சொல்லலாம். கால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் ஊர்.

மருதானை அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அது கறுவா வளர்ந்த நிலம். 1765 முதல் 1785 வரை ஆளுநராக இருந்த ஃபால்க் காலத்தில் காட்டுக் கறுவாவைப் பட்டை உரித்து எடுப்பதோடு நிற்காமல், அதைத் தோட்டப்பயிராக நட்டு வளர்க்கும் முயற்சி தொடங்கியது. அந்த முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படுகிற முதல் இடங்களில் மருதானையும் ஒன்று. பிரித்தானியர் ஆட்சியில் கறுவாவின் ஏகபோகம் போனது. தோட்டம் துண்டு துண்டாகக் குடியிருப்பாக மாறியது. 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ரயில் ஓடத் தொடங்கியபின் மருதானைக்கு இன்னொரு முகம் வந்தது. ரயில் வேலைத்தளமும் அதன் தொழிலாளரும் வந்தார்கள். நாட்டின் பல திசைகளிலிருந்தும் வரும் பாதைகள் அங்கு கூடின.

முஸ்லிம்கள் மருதானைக்கு வந்தது ட்ராமுக்குப் பிறகு அல்ல என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் அங்கு முன்னரே இருந்தது. அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலமும் நவீன கல்வியும் இல்லாமல் இச்சமூகம் பிழைக்காது என்று வாதாடிக்கொண்டிருந்தார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவின் வருகை அந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. கொழும்பு நூதனசாலை முதலிய கட்டடங்களை எழுப்பிய வாப்பிச்சி மரிக்கார் பொருளும் உழைப்பும் தந்தார். இவர்கள் மூவரின் பெயரோடும் சேர்த்து நினைக்கப்படும் 'அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' 1892இல் மருதானையில் ஆரம்பமானது. அதுவே பிற்காலத்து ஸாஹிறாக் கல்லூரி.

அடுத்து மையவாடி. குப்பியாவத்தை மையவாடி கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பள்ளிவாசல், மத்ரஸா, மையவாடி மூன்றும் அருகருகே அமைந்துவிட்டால் அந்த இடத்தை ஊர் என்றே எங்கட ஆட்கள் எண்ணிக்கொள்வார்கள். பிறந்த பிள்ளைக்குப் பாங்கு சொல்லவும் மௌத்தான ஆளைத் தூக்கிப்போகவும் பிற ஊரைத் தேட வேண்டியதில்லை.

தண்டவாளம் வருகிறது

மின்சார ட்ராமின் வரலாறு நீண்டதல்ல. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியியலாளர் 1888இல் அதை ஒரு முழு நகரச் சேவையாக ஓட்டிக்காட்டினார். மதராஸ் பட்டினத்தில் 1895இல் மின்சார ட்ராம் ஓடியது. கொழும்பில் 1899இல் பூஸ்டெட் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பனி ஓட்டத் தொடங்கியது. கல்கத்தாவில் குதிரைகள் அப்போதும் ட்ராமை இழுத்துக்கொண்டிருந்தன. அங்கு மின்சாரம் வந்தது 1902இல்தான். பம்பாய்க்கு 1907 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே நமது கொழும்பு இந்த விஷயத்தில் பின்தங்கிய ஊரல்ல.

பாதைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று கோட்டையிலிருந்து புறக்கோட்டையூடாக கிராண்ட்பாஸ் வரை. மற்றது கோட்டையிலிருந்து மருதானையைக் கடந்து பொறளை வரை. இரண்டு பாதைகளும் எங்கே போயின என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயரும் வசதிபடைத்தோரும் விரும்பிய கடலோரக் காலி வீதியால் அவை போகவில்லை. அவை போனது கடைக்காரர், தொழிலாளர், எழுதுவினைஞர், பள்ளிப் பிள்ளைகள் நெருக்கமாக வாழ்ந்த பக்கத்துக்கு. முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த பக்கமும் அதுதான்.

வண்டி ஓடிய விதத்தை இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வீதிக்கு மேலே ஒரு கம்பி. வண்டியின் கூரையிலிருந்து ஒரு நீண்ட கோல் எழும்பி அந்தக் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை இறக்கும். மோட்டரைச் சுழற்றிய மின்சாரம் சக்கரத்தால் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகும். புகை இல்லை. பாதை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டியதுமில்லை. கோலை மறுபக்கம் மாற்றிவிட்டு ஓட்டுபவர் அடுத்த முனைக்குப் போய் நின்றால் சரி. கோல் கம்பியை விட்டு நழுவினால் வண்டி நடுவீதியில் நின்றுவிடும். அதைக் கயிற்றால் இழுத்துத் திரும்பவும் மாட்டும்வரை பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரனும் ரிக்‌ஷாக்காரனும் என்னென்ன சொன்னார்கள் என்று உம்மும்மா சொல்லிக்காட்டியதை இங்கு எழுத முடியாது.

பொஸ்டனும் மருதானையும்

ட்ராம் புறநகர் என்ற கருத்தை வரலாற்று ஆய்வில் நிலைநிறுத்தியவர் சாம் பாஸ் வார்னர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். 1962இல் வெளியான அவரது நூல், 1870க்கும் 1900க்கும் இடையில் பொஸ்டன் நகரின் ரொக்ஸ்பரி, மேற்கு ரொக்ஸ்பரி, டோர்செஸ்டர் ஆகிய பகுதிகள் எப்படி வளர்ந்தன என்று ஆராய்கிறது. அங்கு பாதை முன்னே போனது, வீடு பின்னே வந்தது. பாதை நீண்ட இடமெல்லாம் காணி துண்டாக்கப்பட்டு விற்கப்பட்டது. நடுத்தர வர்க்கத்தார் நெரிசலான நகரை விட்டுப் பாதையோரமாக வெளியேறினார்கள். ஏழைகள் பழைய நகருக்குள் பின்தங்கினார்கள். ஒரே மாதிரி வருமானமுள்ளவர்கள் ஒரே மாதிரி வீடுகளில் சேர்ந்து குடியிருக்கும் தெருக்கள் உருவாகின.

இந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து மருதானையில் வைத்தால் பொருந்தாது. இங்கு ஊர் முன்னே, பாதை பின்னே. 1892இல் மத்ரஸா, ஏழு வருடம் கழித்துத்தான் ட்ராம். ட்ராம் மருதானையை உண்டாக்கவில்லை. இருந்த மருதானையை நகரத்தோடு முடிச்சுப் போட்டது.

அந்த முடிச்சால் இரண்டு விஷயங்கள் நடந்தன என்று கருதுகிறேன். முதலாவது, புறக்கோட்டையில் தொழில் செய்கிறவன் புறக்கோட்டையிலேயே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. எங்கட குடும்பத்தைப் போலப் பெரிய முதலாளிகளுமல்லாத, கூலிக்காரருமல்லாத நடுத்தர ஆட்களுக்கு இது பெரிய விஷயம். கார் இல்லை, குதிரை வண்டி இல்லை. ஆனால் சில சதங்களோடு போய்வரலாம்.

இரண்டாவது, மருதானை பிரிந்து தனிப்பட்ட தெருவாக ஆகவில்லை. பொஸ்டனில் ட்ராம் ஆட்களைப் பிரித்து வைத்தது. இங்கே கலந்து வைத்தது. ஆனந்தாக் கல்லூரியும் ஸாஹிறாவும் ஒரே வட்டாரத்தில். தொழில்நுட்பக் கல்லூரி அருகில். 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் சிங்கள நாடகம். 1920களில் வந்த எல்பின்ஸ்டன் படமாளிகை. ஜும்ஆவுக்குப் போகிறவரும் நாடகம் பார்க்கப் போகிறவரும் ரயில் வேலைத்தளத்துக்குப் போகிறவரும் ஒரே இருக்கையில் ஒட்டி உட்கார்ந்து போனார்கள்.

கல்லூரியின் பொற்காலம்

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்த ஒன்று உண்டு. மர்ஹூம் டி. பி. ஜாயா ஸாஹிறாவின் அதிபராக இருந்தது 1921 முதல் 1948 வரை. அவருக்குப் பின் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் 1948 முதல் 1961 வரை. ஸாஹிறாவின் பொற்காலம் என்று நாம் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் நாற்பது வருடங்கள் இவைதான். கொழும்பில் ட்ராம் ஓடியது 1899 முதல் 1960 வரை. பொற்காலம் அநேகமாக முழுவதும் ட்ராமின் காலத்துக்குள் அடங்குகிறது.

ட்ராம் இருந்ததால்தான் கல்லூரி வளர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது ஜாயாவுக்கும் அஸீஸுக்கும் செய்கிற அநியாயம். ஆனால் ஒரு நகரப் பாடசாலைக்கு நல்ல அதிபர் மட்டும் போதாது. பிள்ளை வந்து சேர வழி வேண்டும். புறக்கோட்டையில் ஒரு பிள்ளை, பொறளையில் ஒரு பிள்ளை, கிராண்ட்பாஸில் ஒரு பிள்ளை. மூவரும் காலை மணி அடிக்குமுன் ஒரே வகுப்பில் இருக்க முடிந்தது. தூர இடத்தாருக்கு ரயில் இருந்தது. 1928இல் ரயில் பாதை மட்டக்களப்புக்குப் போனபின் கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளுக்கும் மருதானை எட்டாத இடமல்ல. ட்ரங்குப் பெட்டியோடு விடுதிக்கு வந்த அந்தப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி ஆசிரியர்களாக, உத்தியோகத்தர்களாக, எழுத்தாளர்களாக ஆனார்கள்.

ஜாயாவின் வாழ்விலேயே இந்த வட்டாரத்தின் தன்மை தெரிகிறது. ஸாஹிறாவுக்கு வருமுன் அவர் ஆனந்தாவில் ஆசிரியர். ஒரு மலாய் முஸ்லிம் பௌத்தக் கல்லூரியில் படிப்பித்துவிட்டு, நடந்து போகிற தூரத்திலிருந்த முஸ்லிம் கல்லூரிக்கு அதிபராக வந்தார். இதை அன்று யாரும் ஒரு அதிசயமாகப் பேசியதாகத் தெரியவில்லை.

ஒரே வீதி, இரண்டு கூட்டம்

கலந்து வாழ்ந்தார்கள் என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது இலகு. ஆனால் வரலாறு எழுதுகிறவன் அப்படி நிறுத்தக்கூடாது.

1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் ஓரிரு நாளில் கொழும்புக்கு வந்தது. முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள், 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. கொழும்பில் ரயில் தொழிலாளரும் இதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்பதையும், விலைவாசி உயர்வும் கடன் சுமையும் அவர்களது கோபத்தைக் கடைக்காரர் மீது திருப்பின என்பதையும் குமாரி ஜயவர்தன தனது ஆய்வுகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அதன்பின் பிரித்தானியர் இராணுவச் சட்டத்தின் பெயரால் சிங்கள மக்கள்மீது நடத்திய கொடுமையும் சிறியதல்ல.

பதினான்கு வருடம் கழித்து, 1929இல், அதே வட்டாரத்தில் இன்னொரு கூட்டம் திரண்டது. ட்ராம் ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெப்ரவரி ஆரம்பத்தில் மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன் கலகம் மூண்டு பொலிஸார் சுட்டதில் ஐவர் இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் அமைந்தது; தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. தொழிலாளரோடு மேசையில் இருந்து பேச வேண்டும் என்பதை இந்த நாட்டு முதலாளிகள் ஏற்றுக்கொண்டதற்கு மருதானைத் தெருவில் சிந்திய இரத்தமும் ஒரு காரணம்.

இந்தக் குணசிங்க 1915இல் இராணுவச் சட்டத்தின் கீழ் சிறைவைக்கப்பட்டவர்களில் ஒருவர். பின்னர் 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பேசித் தன் பெயருக்குத் தானே களங்கம் தேடிக்கொண்டவரும் அவர்தான். மனிதரும் கூட்டமும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

உம்மும்மா 1915ஐப் பற்றித் தன் உம்மா சொன்னதாக ஒன்றே ஒன்றைச் சொல்வார்: "மூணு நாள் கதவத் தொறக்கல்ல. பொறகு ட்ராம் ஓடின சத்தம் கேட்டுத்தான் வாப்பா வெளிய போன." இதை ஆவணம் என்று நான் முன்வைக்கவில்லை, ஒரு குடும்பத்தின் ஞாபகம், அவ்வளவுதான். ஆனால் ஒரு தெருவில் பயம் நீங்கிவிட்டது என்பதற்கு அந்த வீட்டார் எதை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்களைக் கொண்டுவருகிற பாதை ஆபத்தையும் கொண்டுவரும். அதே பாதை திரும்ப ஓடத் தொடங்கினால் வாழ்க்கையும் திரும்ப ஓடும்.

1947 பொதுத் தேர்தலில் கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர்களைத் தெரிவுசெய்யும் தொகுதி. அதில் தெரிவானவர்கள் ஏ. ஈ. குணசிங்க, டி. பி. ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். ட்ராம் வேலைநிறுத்தத்தின் தலைவர், ஸாஹிறாவின் அதிபர், ஒரு பறங்கி இனத்துப் பொதுவுடைமைவாதி. கலந்து வாழ்ந்த ஒரு நகரத்தின் வாக்குப்பெட்டி இப்படித்தான் பேசியது.

பாதை அழிகிறது

1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளம் தேவைப்படாத, கம்பியில் ஓடும் டிராலி பஸ் வந்தது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. 1960இல் ட்ராம் முற்றாக நின்றது. 1964இல் டிராலி பஸ்ஸும் நின்றது. கம்பி கழற்றப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, அல்லது தாருக்கு அடியில் போனது.

அதன்பின் காரும் வேனும் வைத்திருப்போரின் நகரம் தொடங்குகிறது. எங்கட ஆட்களில் வசதி வந்தவர்கள் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று தெற்கே நகர்ந்தார்கள். ஆக, கொழும்பு முஸ்லிம்களின் இடப்பெயர்வை மூன்று கட்டமாகப் பார்க்கலாம்: கால் போன தூரத்தில் சோனகத் தெருக்கள், ட்ராம் போன தூரத்தில் மருதானை, கார் போகிற தூரத்தில் தெற்குப் புறநகர்கள். முதல் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்திலும் பணக்காரரும் ஏழையும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸப்பில் நின்றார்கள். மூன்றாம் கட்டத்தில் வசதியானவர்கள் போய்விட, போக முடியாதவர்கள் மருதானை, மாளிகாவத்தை, பஞ்சிகாவத்தைத் தோட்டங்களில் தங்கிவிட்டார்கள். பொஸ்டனில் ட்ராம் செய்த பிரிவினையை இங்கே செய்தது கார்தான்.

ட்ராமை ஒழித்த மோட்டார் வாகனத்தின் உதிரிப்பாகங்கள் இன்று விற்கப்படுவது பழைய ட்ராம் பாதைக்குப் பக்கத்துப் பஞ்சிகாவத்தையில். அந்தக் கடைகளில் பல எங்கட ஆட்களுடையவை. நண்பர் சொன்ன "ஸ்பெயார் பார்ட்ஸ் கடையும்" சரித்திரம்தான்.

எஞ்சியிருப்பவை

டார்லி வீதி இன்று டி. பி. ஜாயா மாவத்தை. ஸாஹிறா இருக்கும் வீதிக்கு ஒறாபி பாஷாவின் பெயர். புறக்கோட்டைப் பக்கம் குணசிங்கபுர. பெரியார்களின் பெயர்கள் பலகையில் பத்திரமாக இருக்கின்றன. சோத்துப் பானையை இறக்கிய பெண்ணின் பெயருக்கும், துணிக்கடைக் கணக்காளரின் பெயருக்கும், மணியடித்த கண்டக்டரின் பெயருக்கும் பலகை இல்லை. பலகை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்பது வேறு.

ட்ராமில் ஏறி ஸாஹிறாவுக்குப் போன கடைசிப் பிள்ளைகளுக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். பழைய மருதானை வீடுகளின் உறுதிகள் யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கின்றன. பள்ளிவாசல்களின் கூட்டறிக்கைகள், நிக்காஹ் பதிவுகள், கடைக் கணக்குப் புத்தகங்கள் ஈரத்திலும் கறையானிலும் போய்க்கொண்டிருக்கின்றன. யார் எந்த ஒழுங்கையில் இருந்தார், எந்தக் கடையில் தொழில் செய்தார், எந்த வருடம் எங்கே மாறினார் என்று இவற்றிலிருந்து ஒரு வரைபடம் செய்யலாம். ஒரு பல்கலைக்கழக மாணவர் இதை எடுத்துக்கொண்டால் இரண்டு வருட வேலை. நாம் எங்களுக்குள் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மூத்தவர் என்று தொடங்கலாம்.

எங்கட வீட்டு உறுதியும் இப்போது எங்களிடம் இல்லை. வீட்டை விற்றபோது அதையும் கொடுத்துவிட்டோம். ஒரு பிரதிகூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எந்த வருடம் அந்தக் காணி வாங்கப்பட்டது, ட்ராம் வருமுன்னா, வந்த பிறகா என்று உம்மும்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு எங்கள் குடும்பமே தந்திருக்கக்கூடிய ஒரு பதில் அப்படித்தான் போனது. உங்கள் வீட்டிலும் அது போய்விடுமுன் கேட்டு வையுங்கள்.